லூபெக் முதல் உசெடோம் வரை: ஜெர்மனியின் பால்டிக் கரையோரத்தில் 10 நாள் கார் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

வட ஜெர்மனியின் லூபெக் நகரில் தொடங்கி, விஸ்மர், ரோஸ்டாக், டார்ஸ் தீபகற்பம், ஷ்ட்ரால்சுண்ட், ரூகன் தீவு வழியாகப் போலந்து எல்லையில் உள்ள உசெடோம் தீவில் முடியும் பாதை இது. நான் மூன்று பருவங்களில் இதில் கார் ஓட்டியிருக்கிறேன். பிறகு நண்பர்களின் குடும்பங்கள் பலவற்றுக்குத் திட்டம் எழுதிக் கொடுத்து, அவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்பதையும் கேட்டறிந்தேன். ஏறக்குறைய எல்லோரும் செய்த தவறு ஒன்றுதான்: வரைபடத்தில் தெரியும் கிலோமீட்டரை வைத்து நாளைக் கணக்கிட்டார்கள். இந்தக் கரையின் முக்கியமான இடங்கள் பலவற்றுக்குக் காரில் போகவே முடியாது. ஆகவே கார் எங்கே நிற்க வேண்டும், அங்கிருந்து எத்தனை மணி நேரம் நடக்க வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொண்டு, மற்றவற்றை அதைச் சுற்றி அமைத்தால்தான் திட்டம் நிற்கும்.

## 1. திசையையும் இரவுகளையும் முதலில் முடிவு செய்யுங்கள்

மேற்கிலிருந்து கிழக்காகச் செல்லுங்கள். பயணத்தின் முதல் பாதியில் நகரங்களும் நல்ல சாலைகளும் இருக்கின்றன. நீண்ட நடை கேட்கும் இடங்களான டார்ஸ் காடும் ரூகனின் பாறைக்கரையும் பின்பாதியில் வருகின்றன. வலப்பக்கச் சாலைக்கும் புதுக் காருக்கும் கை பழகிய பிறகு கிராமத்துச் சாலைகளுக்குள் நுழைவது புதியவர்களுக்கு நல்லது.

பத்து நாட்களுக்கு ஒன்பது இரவுகளை நான் இப்படிப் பிரிப்பேன்: லூபெக்கில் 1, விஸ்மரில் 2, டார்ஸில் உள்ள பிரெரோவில் 2, ரூகனில் 3, உசெடோமில் 1. நாளுக்கு ஓர் ஊர் என்று மாறிக்கொண்டே இருந்தால், அறையைக் காலி செய்து பெட்டி கட்டுவதிலேயே காலை கரைந்துவிடும். இங்கே அந்தக் காலை நேரம் மிக முக்கியம். ஏன் என்பது பின்னால் தெரியும்.

எட்டு நாட்கள்தான் இருக்கின்றன என்றால் உசெடோமையும் விஸ்மரின் இரண்டாம் இரவையும் விட்டுவிடுங்கள். ரூகனில் மூன்று இரவுகளைக் குறைக்காதீர்கள்.

## 2. மாதமும் கிழமையும்

மே மாத நடுவிலிருந்து ஜூன் இறுதி வரையும், செப்டம்பர் முழுவதும் இந்தப் பாதைக்கு ஏற்ற காலம். ஜூனில் இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். மே மாதத்தில் கடல் நீர் இன்னும் மிகக் குளிராக இருக்கும் என்பதால், குளிப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் ஆகஸ்ட் கடைசியையோ செப்டம்பர் தொடக்கத்தையோ தேர்ந்தெடுங்கள்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளி விடுமுறைக் கூட்டம் இந்தக் கரைக்குத் திரளும். அந்த மாதங்களில் செல்ல நேர்ந்தால், ரூகனுக்குள்ளும் உசெடோமுக்குள்ளும் சனிக்கிழமை நுழையாதீர்கள். விடுமுறை வீடுகள் பெரும்பாலும் சனி முதல் சனி வரை வாடகைக்கு விடப்படுவதால், ஒரு கூட்டம் வெளியேறி மறு கூட்டம் நுழைவது அன்றுதான். தீவுகளுக்கான பாலங்கள் மிகச் சிலவே. அத்தனை கார்களும் அவற்றில்தான் வந்து சேரும்.

## 3. புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஓட்டுநர் உரிமம். இந்திய உரிமத்தோடு சுற்றுலா செல்பவர், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்ல வேண்டும். அது தனித்துச் செல்லாது. மூல உரிமமும் உடன் இருக்க வேண்டும். ஜெர்மனியில் குடியேறியவர்களுக்கு இந்த ஏற்பாடு முதல் ஆறு மாதங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கார். ஆட்டோமேட்டிக் கியர் வேண்டும் என்றால் முன்பதிவிலேயே அதைத் தெளிவாகத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்கச் சாலையையும் வலக்கையால் கியர் மாற்றுவதையும் ஒரே நாளில் பழகுவது தேவையற்ற சுமை. எடுத்த ஊரிலேயே காரைத் திருப்பிவிட வேண்டுமா, பெர்லினில் விடலாமா, அதற்குக் கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். போலந்துக்குள் கொண்டுசெல்ல அனுமதி உண்டா என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தாகப் பாருங்கள். உசெடோமின் கிழக்கு முனை போலந்துக்கு உரியது என்பதால் இந்தக் கேள்வி கட்டாயம் எழும்.

குழந்தை இருக்கை. 12 வயதுக்கு உட்பட்ட, 150 செ.மீ. உயரத்தை எட்டாத குழந்தைகளுக்கு உரிய இருக்கை சட்டப்படி கட்டாயம். மடியில் வைத்துக்கொண்டு செல்லும் பேச்சுக்கே இடமில்லை.

சில்லறை யூரோ. வாகன நிறுத்தங்களின் இயந்திரங்களும் துறைமுகத்து மீன் கடைகளும் எல்லா இடத்திலும் அட்டையை ஏற்பதில்லை. ஒன்று, இரண்டு யூரோ நாணயங்களை ஒரு சிறு டப்பாவில் போட்டுக் காரிலேயே வைத்திருங்கள்.

ஆடை. காற்றைத் தடுக்கும் மேல்சட்டையும், ஈரத்தில் வழுக்காத காலணியும் ஜூலையிலும் தேவை. பிரெரோவில் வெயில் அடிக்கும்போதே, டார்ஸின் மேற்குக் கரையில் காற்று மணலை வாரி முகத்தில் அடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடற்கரை ஊர்களில் தங்கும் ஒவ்வொருவருக்கும் இரவுக் கணக்கில் 'கூர்டாக்ஸ' என்ற ஊர்க்கட்டணம் உண்டு. அறை வாடகையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. அதற்குத் தரும் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். சில ஊர்களில் உள்ளூர்ப் பேருந்துக்கும் அருங்காட்சியகச் சலுகைக்கும் அதைக் காட்ட வேண்டும்.

## 4. சாலையில் பழக வேண்டிய நான்கு வழக்கங்கள்

ஊரின் பெயர் எழுதிய மஞ்சள் பலகையைக் கடந்ததும் வேக வரம்பு 50 கி.மீ.; அதற்கென்று தனியாக வேறு பலகை இருக்காது. ஊருக்கு வெளியே 100, வேறு குறிப்பு இல்லாத வரை. ஆட்டோபான் எனப்படும் விரைவுச்சாலையில் 130 என்பது பரிந்துரை. பலகையில் எண் இருந்தால் அது கட்டளை.

அடையாளமோ சிக்னலோ இல்லாத சந்திப்பில், உங்கள் வலப்புறத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. உங்கள் தெரு அகலமாகவும் அவருடையது சந்து போலவும் இருந்தாலும் அதுவே விதி. நம்மவர்கள் மிக அதிகமாகத் தவறுவது இங்கேதான். பெரிய சாலையில் இருப்பவருக்கே வழி என்ற பழக்கம் எளிதில் போவதில்லை.

மூன்றாவது, மரச்சாலைகள். மெக்லன்பூர்க்கிலும் ரூகனிலும் சாலையின் இருபுறமும் பழைய மரங்கள் தாரை ஒட்டியே நிற்கின்றன; ஒதுங்க விளிம்பே இல்லை. தாழ்ந்த சூரியன் கிளைகளின் ஊடே வெளிச்சமும் நிழலுமாக மாறி மாறிக் கண்ணில் விழும்போது, எதிரே வரும் சைக்கிள் சட்டென்று தெரியாது. அங்கே வரம்பு 70 அல்லது 80 என்று இருந்தால் அதையே பிடியுங்கள். பின்னால் ஒருவர் நெருங்கி வந்தாலும் வேகத்தைக் கூட்டாதீர்கள். அந்தி நேரத்தில் மான் குறுக்கே வரும் என்பதும் இதே சாலைகளில் நினைவில் இருக்க வேண்டும்.

நான்காவது, நிறுத்தக் கடிகை. காகிதத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஆன நீல அட்டை அது. வாடகைக் காரின் கதவுப் பையில் பெரும்பாலும் இருக்கும், இல்லாவிட்டால் பெட்ரோல் நிலையத்தில் வாங்கலாம். நீலக் கடிகைப் படம் போட்ட பலகை உள்ள இடத்தில் பணம் கட்ட வேண்டியதில்லை. வந்த நேரத்தை அந்த அட்டையில் வைத்து, முன் கண்ணாடிக்குள் வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். வந்த நிமிடத்தை அப்படியே காட்டக்கூடாது: 10:10-க்கு வந்தால் முள்ளை 10:30-ல் வைக்க வேண்டும், 10:40-க்கு வந்தால் 11:00-ல். என் நண்பர் ஒருவர் முள்ளைச் சரியாகத் திருப்பிவிட்டு, அட்டையை இருக்கை மீது போட்டுவிட்டுச் சென்றார். திரும்பி வந்தபோது அபராதச் சீட்டு துடைப்பானில் செருகியிருந்தது.

## 5. லூபெக்கில் காரில்லாமல் ஒரு நாள், பிறகு விஸ்மர்

ஹாம்பர்க்கிலிருந்து லூபெக்குக்கு ரயிலில் வாருங்கள். காரை இரண்டாம் நாள் காலையில் லூபெக்கிலேயே எடுங்கள். பழைய நகரம் நீரால் சூழப்பட்ட ஒரு தீவு. அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். அங்கே கார் வைத்திருப்பதால் நிறுத்தக் கட்டணம்தான் மிஞ்சும். சிறிய நகரங்களின் வாடகைக் கார் அலுவலகங்கள் ஞாயிறன்று மூடியிருக்கும், சனியன்று நண்பகலோடு முடித்துவிடும் என்பதால், இரண்டாம் நாள் வார நாளாக அமையும்படி பயணத்தைத் தொடங்குங்கள்.

லூபெக்கின் ஹோல்ஸ்டன் வாயிலைப் பார்த்துவிட்டு மரியன் தேவாலயத்துக்குச் செல்லுங்கள். தெற்குக் கோபுரத்தின் அடியில், 1942-ஆம் ஆண்டு குண்டுவீச்சில் விழுந்து நொறுங்கிய மணிகள், தரையில் புதைந்த நிலையிலேயே விடப்பட்டிருக்கின்றன. அவசரமாகச் சுற்றுபவர்கள் நடுக்கூடத்தைப் பார்த்துவிட்டு இதைத் தவறவிடுகிறார்கள்.

விஸ்மருக்கு ஆட்டோபான் வழியாக ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் டிராவெமுண்டேவில் கார்ப் படகில் ஏறி எதிர்க்கரையான பிரிவாலில் இறங்கி, கால்க்ஹோர்ஸ்ட், க்ளூட்ஸ் கிராமங்கள் வழியாக வருவதே இந்தப் பயணத்துக்குத் தகுந்த வழி. கார் எடுத்த முதல் நாளே ஆட்டோபானில் ஏறினால் கரையோரச் சாலையின் நிதானம் கைக்கு வராது. க்ளூட்ஸில் உள்ள போத்மர் மாளிகையில் ஒரு மணி நேரம் நிறுத்தலாம்.

விஸ்மரின் சந்தைச் சதுக்கம் ஏறக்குறைய 100 மீட்டருக்கு 100 மீட்டர். அங்கிருந்து நிக்கோலாய் தேவாலயத்துக்கும் பழைய துறைமுகத்துக்கும் நடந்தே செல்லுங்கள். படகுகளிலேயே விற்கும் மீன் ரொட்டி மதிய உணவுக்குப் போதும்; மீன் உண்ணாதவர்கள் காலையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, துறைமுகத்தில் அவர்களுக்கு அதிகம் கிடைக்காது.

## 6. மூன்றாம் நாள்: பாட் டோபெரானும் மோலி ரயிலும்

விஸ்மரிலிருந்து 105-ஆம் எண் சாலையில் கிழக்கே சென்றால் பாட் டோபெரான். காரை அங்கேயே நிறுத்துங்கள். மோலி என்ற நீராவி ரயில், 900 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில், 15.4 கி.மீ. தூரம் கூலுங்ஸ்போர்ன் வரை ஓடுகிறது. ஒரு வழிக்கு முக்கால் மணி நேரம் போல ஆகும். ரயில் ஊருக்குள் கடைத்தெரு நடுவிலேயே மணியடித்துக்கொண்டு வரும். அந்தத் தெருவில் தண்டவாளத்தை ஒட்டி ஒருபோதும் காரை விடாதீர்கள்.

ஒழுங்கு இதுதான்: முதலில் டோபெரானின் செங்கல் மடாலயத் தேவாலயம், பிறகு ரயிலில் நேராகக் கூலுங்ஸ்போர்ன், திரும்பும்போது ஹைலிகன்டாமில் இறங்கிக் கடலோரம் நடந்து, அடுத்த ரயிலில் டோபெரான். கடைசி நிலையத்தை முதலில் முடித்துவிட்டால், நடுவில் எவ்வளவு நேரம் தங்கினாலும் காருக்குத் திரும்பும் தூரம் குறைந்துகொண்டே வரும். அன்றைய கடைசி ரயிலின் நேரத்தைப் புறப்படும்போதே நிலையத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

## 7. நான்காம் நாள்: நண்பகலுக்கு ரோஸ்டாக், மாலைக்குப் பிரெரோ

ரோஸ்டாக்கில் ஒரே ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: பகல் 12 மணி. மரியன் தேவாலயத்தின் பலிபீடத்துக்குப் பின்னால் 1472-ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நண்பகலில் மேலே கதவு திறந்து, அப்போஸ்தலர்களின் உருவங்கள் இயேசுவைக் கடந்து வரிசையாகச் செல்லும். கடைசியில் வரும் யூதாசுக்கு மட்டும் கதவு மூடிக்கொள்ளும். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் 11:45-க்கே அங்கே நில்லுங்கள். விஸ்மரிலிருந்து ஒன்பதரைக்குப் புறப்பட்டால் நிறுத்தம் தேடவும் நேரம் இருக்கும். கீழே உள்ள நாட்காட்டித் தட்டையும் பாருங்கள். 2018-ல் பொருத்திய இந்தத் தட்டு 2150 வரைக்குமான கணக்கைக் கொண்டது.

அடுத்து ரோஸ்டாக்கின் கடற்கரைப் பகுதியான வார்னமுண்டே. அங்கிருந்து ரோஸ்டாக்குக்குத் திரும்பி வந்து சுற்றிப் போக வேண்டாம். வார்னோ ஆற்றின் முகத்தில் கார்ப் படகு உண்டு. சில நிமிடங்களில் ஹோஹே டூனேயில் இறங்கி, காட்டுச் சாலையில் கிரால்-மூரிட்ஸ் வழியாக, டார்ஸுக்கு இட்டுச் செல்லும் ஃபிஷ்லாண்ட் நிலத்திட்டை அடையலாம். ஆரன்ஸ்ஹூப்பைத் தாண்டி மாலைக்குள் பிரெரோ சேர்ந்துவிடுங்கள்.

## 8. டார்ஸ்: கார் அசையாத நாள்

ஐந்தாம் நாள் காரின் சாவியைத் தொடவே வேண்டாம். டார்ஸர் ஓர்ட் முனை தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் தனியார் வாகனம் அங்கே செல்ல முடியாது. பிரெரோவிலிருந்து கலங்கரை விளக்கம் வரை சுமார் ஐந்து கி.மீ.; நடக்கலாம், வாடகைச் சைக்கிளில் போகலாம், குதிரை வண்டியும் உண்டு. சிறு குழந்தைகளோடு வருபவர்கள் போகும்போது வண்டியிலும் வரும்போது நடந்தும் வருகிறார்கள். நான் அதை மாற்றச் சொல்வேன். காலையில் குழந்தைகள் நடப்பார்கள், மாலையில் மாட்டார்கள்.

மேற்குக் கரையில் கடல் காட்டைத் தின்றுகொண்டே வருகிறது. வேர் வெளியே தெரிய நிற்கும் பீச் மரங்களும், மணலில் சாய்ந்து உப்பில் வெளுத்த தண்டுகளும் கரை நெடுகக் கிடக்கும். அங்கே கடையோ கழிப்பறையோ இல்லை. குடிநீரை எடுத்துச் செல்லுங்கள்.

செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் வந்தால், சாரசக் கொக்கின் உறவினமான சாம்பல் நிறப் பொதுக் கொக்குகள் ஆயிரக்கணக்கில் பகலில் அறுவடை வயல்களில் மேய்ந்துவிட்டு அந்தியில் ஆழமற்ற உப்பங்கழிக்கு உறங்க வருவதைக் காணலாம். வயலோரம் அவற்றைக் கண்டால் காரைவிட்டு இறங்காதீர்கள். நிற்கும் காரை அவை பொருட்படுத்துவதில்லை. கதவு திறந்து மனித உருவம் தெரிந்ததும் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும், தெற்கே நெடுந்தூரம் பறப்பதற்குச் சேர்த்த கொழுப்பு அதில் வீணாகும்.

## 9. ஷ்ட்ரால்சுண்ட் வழியாக ரூகனுக்கு

பிரெரோவிலிருந்து பார்ட் ஊருக்குச் செல்லும் மைனிங்கன் பாலம் படகுகளுக்காகக் குறித்த நேரங்களில் திறக்கப்படும். அந்த நேரங்களை முந்தின இரவே பார்த்துவிடுங்கள்.

ஷ்ட்ரால்சுண்ட் பழைய நகருக்கு வெளியே அல்லது துறைமுகத்தை ஒட்டி நிறுத்திவிட்டு, நிக்கோலாய் தேவாலயம், நகரமன்றத்தின் துளைச்சுவர் முகப்பு, மரியன் தேவாலயக் கோபுரம் என்ற வரிசையில் நடக்கலாம். மழை பெய்தால் 2008-ல் திறந்த ஓட்சியானேயம் கடல் அருங்காட்சியகத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

ரூகனுக்கு இரண்டு வழிகள் அருகருகே உள்ளன. பழைய கரைச்சாலையில் உள்ள தூக்குப் பாலம் நாளில் சில முறை கப்பல்களுக்காக எழும்பும். அப்போது வரிசை நீளும். 2007-ல் திறந்த புதிய உயர்பாலத்துக்கு அடியில் 42 மீட்டர் இடைவெளி இருப்பதால் கப்பலுக்காக அது நிற்பதே இல்லை, கட்டணமும் இல்லை. ஆகவே புதிய பாலத்தையே எடுங்கள். பலத்த புயற்காற்றில் மட்டும் அதை மூடுவார்கள்.

## 10. வெண்சுண்ணப் பாறைகள்: இங்கே நிதானமாகப் படியுங்கள்

அதிகமானோர் ஏமாந்து திரும்பும் இடம் யாஸ்முண்ட் தேசியப் பூங்காதான். 118 மீட்டர் உயரமுள்ள கோனிக்ஸ்டூல் பாறைவரை கார் செல்லும் என்று வழிகாட்டிக் கருவி சொல்லலாம், செல்லாது. ஹாகன் என்ற ஊரில் பெரிய வாகன நிறுத்தம் இருக்கிறது. அங்கிருந்து மூன்று கி.மீ. காட்டு வழி, அல்லது பேருந்து. ஓர் அக்டோபர் மாலை நாலரை மணிக்கு அந்த நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு வந்து இறங்கிய குடும்பம் ஒன்று, அப்போதுதான் இதைத் தெரிந்துகொண்டது. நடந்து சேர்வதற்குள் வெளிச்சம் இறங்கத் தொடங்கிவிடும் என்று பாறையைப் பார்க்காமலே திரும்பினார்கள். எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

நடக்க முடிந்தவர்களுக்கு இதைவிட நல்ல முறை உண்டு. காரை சாஸ்னிட்ஸில் விட்டுவிட்டு, காலைப் பேருந்தில் கோனிக்ஸ்டூலுக்குப் போய், 2023-ல் திறந்த வளைய நடைமேடையிலிருந்து பாறையைப் பாருங்கள். காலைச் சூரியன் கடல் பக்கத்திலிருந்து பாறையின் வெள்ளை முகத்தில் நேராக விழும். பிற்பகலில் அதே முகம் நிழலுக்குள் போய்விடும். பிறகு மேட்டுக்கரைப் பாதையில் தெற்கு நோக்கி சாஸ்னிட்ஸுக்கு நடந்து வாருங்கள். சுமார் எட்டு கி.மீ., ஏற்ற இறக்கங்களோடு மூன்றிலிருந்து நான்கு மணி நேரம். காரை நோக்கி நடப்பதால் கடைசிப் பேருந்து போய்விடுமோ என்ற கவலை இல்லை. களைத்தவரை ஓய்வெடுக்க விடலாம்.

விளிம்பு வேலியைத் தாண்டாதீர்கள். இந்தச் சுண்ணம் நீரை உறிஞ்சும். உறைந்து உருகும்போது பிளந்து விழும். விஸ்ஸோவர் கிளிங்கன் என்ற புகழ்பெற்ற பாறைமுனைகள் 2005 பிப்ரவரியில் அப்படித்தான் கடலுக்குள் சரிந்தன. கனமழைக்குப் பின்னும் குளிர்காலம் முடியும் நேரத்திலும், பாறையின் அடியில் கடற்கரை வழியாக நடப்பதை முழுவதுமாகத் தவிருங்கள். மேலிருந்து கல் விழும் ஓசை கேட்டால் அங்கே நின்று படமெடுக்க வேண்டாம்.

தள்ளுவண்டிக் குழந்தையோ முழங்கால் வலியுள்ள பெரியவரோ உடன் இருந்தால், புரோராவில் உள்ள மரவுச்சிப் பாதைக்குச் செல்லுங்கள். 1,250 மீட்டர் நீளம், படியே இல்லாத சாய்வு, 40 மீட்டர் கோபுரம். சக்கர நாற்காலியும் உச்சி வரை ஏறும்.

## 11. ஆர்கோனா முனை

ரூகனின் மூன்றாம் நாள் வடக்கே. கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவிலான ஷாபே என்ற பைன் மரத் திட்டின் வழியாகச் சாலை செல்கிறது. புட்கார்டனில் கட்டாய நிறுத்தம்; அங்கிருந்து ஏறக்குறைய இரண்டு கி.மீ. நடை அல்லது சிறு சுற்றுலா வண்டி. கலங்கரை விளக்கங்களைப் பார்த்த பிறகு, மேட்டுப் பாதையில் விட் என்ற மீனவக் குக்கிராமத்துக்கு இறங்கி, அங்கிருந்து வேறு வழியாகப் புட்கார்டன் திரும்பலாம். ஹிடன்சே தீவையும் இதே நாளில் சேர்க்க வேண்டாம். காரில்லாத அந்தத் தீவுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

## 12. கிரைஃப்ஸ்வால்ட், உசெடோம், திரும்புதல்

ரூகனிலிருந்து மீண்டும் ஷ்ட்ரால்சுண்ட் வழியாகக் கிரைஃப்ஸ்வால்ட். நகரைவிட, அதன் கடல்முகமான வீக்கில் உள்ள மரத் தூக்குப் பாலத்தையும் எல்டேனா மடாலய இடிபாடுகளையும் நான் தேர்ந்தெடுப்பேன். இரண்டும் நடை தூரத்தில் இருக்கின்றன. ஓவியர் காஸ்பர் டாவிட் ஃபிரீட்ரிஷ் 1774-ல் பிறந்தது இந்த நகரில். அவர் பலமுறை வரைந்த இடிபாடு இதுவே.

உசெடோமுக்குள் வடக்கே வோல்காஸ்ட் பாலம், தெற்கே செக்கரின் பாலம். இரண்டும் குறித்த நேரங்களில் எழும்பும். வடக்கில் நுழைந்து தெற்கில் வெளியேறுங்கள். தீவின் முழு நீளத்தையும் திரும்பி ஓட்ட வேண்டியிராது. போலந்து நகரமான ஷ்வினோஊய்ஷ்சேயைப் பார்க்க விரும்பினால், ஆல்பெக்கில் காரை விட்டுக் கடற்கரை நடைபாதையிலேயே எல்லையைக் கடக்கலாம். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். வாடகை ஒப்பந்தத்தின் சிக்கலும் இப்படித் தீர்ந்துவிடும்.

பெர்லினுக்கு ஆங்க்லாம் வழியாக ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஞாயிறு பிற்பகலில் தீவிலிருந்து வெளியேறும் வரிசை நீளும் என்பதால், அன்று திரும்ப நேர்ந்தால் காலை எட்டு மணிக்குள் செக்கரின் பாலத்தைக் கடந்துவிடுங்கள். எரிபொருளைக் காரைத் திருப்பித் தரும் இடத்துக்கு அருகிலேயே நிரப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்; காரின் நான்கு பக்கங்களையும் சக்கரங்களையும் ஒப்படைக்கும் இடத்திலேயே படமெடுத்துக்கொள்ளுங்கள்.